தொண்ணூற்றெட்டு மதிப்பெண் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை

1

போன வாரம் தபாலில் ஒரு தடித்த உறை வந்தது. கையில் வாங்கியதுமே என்ன என்று தெரிந்துவிட்டது. பிரிக்காமல் ஃபிரிட்ஜின் மேல் வைத்துவிட்டு இரண்டு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பால் எடுக்கக்கூட மகளைத்தான் அனுப்பினேன். மூன்றாம் நாள் என் மனைவி நசீமா அதை எடுத்து நீட்டினாள்.

"இது என்ன பாம்பா? கடிக்காது, பிரிங்க."

பாம்பாக இருந்தால் அடித்துப் போட்டிருக்கலாம். இது பாதுகாப்புச் சோதனைப் படிவம். எங்கள் அலுவலகத்தில் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எல்லாரும் எழுதித் தர வேண்டும். பத்து வருஷமாக எங்கெங்கே குடியிருந்தாய், உன் உறவுக்காரர்கள் யார் யார், அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி கேட்பார்கள். பதினோராம் பக்கத்தில் ஒரு கேள்வி: 'நம் நிறுவனத்தின் ஏதாவது ஒரு திட்டத்தின் கண்காணிப்புப் பகுதியில் உங்களுக்கு நெருங்கிய உறவினர் உண்டா?' ஆம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம்.

போன தடவை 'இல்லை'யில் டிக் போட்டேன். போடும்போது அது பொய் இல்லை. ஆறே வாரத்தில் பொய்யாகிவிட்டது.

நான் இருப்பது ஹாலிஃபாக்ஸ், கனடாவின் கிழக்கு ஓரத்தில் ஒரு துறைமுக ஊர். எங்கள் கடற்கரை ஊரான மண்டபத்திலிருந்து கிளம்பி இங்கே வந்து சேர்ந்து பதினாறு வருஷம். எங்கள் கம்பெனி செய்வதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கரையில் நிற்கிற ராடார், கடலில் ஓடுகிற ஒவ்வொரு படகையும் திரையில் ஒரு புள்ளியாகக் காட்டும். அந்தப் புள்ளிகளையே நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க மனிதக் கண்ணால் ஆகாது. அதனால் பார்க்கிற வேலையைக் கம்ப்யூட்டருக்குப் பழக்குகிறோம். மாதக்கணக்கான பதிவுகளைக் காட்டினால் எது வழக்கமான ஓட்டம் என்று அதுவே கற்றுக்கொள்ளும். வழக்கம் தவறினால் சந்தேக மதிப்பெண் போடும். எண்பதைத் தாண்டினால் புள்ளி சிவப்பாகும். சிவப்பானால் கரையிலிருந்து வேகப்படகு கிளம்பும். அதில் துப்பாக்கி இருக்கும். உலகத்தில் பல அரசாங்கங்கள் இதை வாங்க வரிசையில் நிற்கின்றன.

விற்பனைத் தாளில் இதற்குப் பெயர் செயற்கை நுண்ணறிவு. நான் மனசுக்குள் வைத்த பெயர் ஏட்டையா. சின்ன வயதில் எங்கள் தெருமுனையில் ஒரு ஏட்டையா நிற்பார். சைக்கிளில் வேகமாகப் போனால், "எங்கல இம்புட்டு அவசரம்?" என்பார். மெதுவாகப் போனால், "என்னத்தல நோட்டம் பாக்குற?" என்பார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனால் அது யார் சைக்கிள் என்பார். எங்கள் கம்ப்யூட்டரும் அப்படித்தான். ஒரே வித்தியாசம், இது டீ கேட்காது.

2

போன தடவைப் படிவம் எழுதிய கதை ஒன்று இருக்கிறது. அப்போது என் மகள் ரிஸ்வானாவுக்குப் பதினாலு வயது. என் கையெழுத்து மருந்துச் சீட்டு மாதிரி இருக்கிறது என்று அவளே உட்கார்ந்து தட்டச்சு செய்து தந்தாள். உறவினர் பட்டியலில் என் மச்சான் சாகுல் வந்தார். என் ராத்தா, அதாவது அக்கா, பாத்திமாவின் வீட்டுக்காரர். மண்டபத்தில் விசைப்படகு ஓட்டுகிறவர்.

தொழில் என்ன என்று கேட்டாள். கடல் தொழில் என்றேன். அது என்ன தொழில் என்றாள். மீன் பிடிக்கப் போவார், படகு சொந்தம், பாதிக் கடனில் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்து, 'சுயதொழில்' என்று போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டாள். மச்சான் மடியில் உட்கார்ந்து ஐஸ் சாப்பிட்டவள்தான், நாலு வயதில். நானும் திருத்தவில்லை. சுயதொழில் என்றால் ஏதோ கடை கண்ணி வைத்திருக்கிற மாதிரி மரியாதையாக இருந்தது.

ஆறு வாரம் கழித்து எங்களுக்குப் புதிதாக ஒரு பதிவு வந்தது. எந்த நாட்டுக் கடல் என்று சொல்ல மாட்டார்கள். ஊர்ப் பெயர்களை எடுத்துவிட்டு, வரைபடத்தைத் திருப்பிப் போட்டு, தேதிக்குப் பதிலாக நாள் ஒன்று, நாள் இரண்டு என்று நம்பர் கொடுத்திருந்தார்கள். மொத்தம் நாலு மாதம். பெயர், 'தளம் மூன்று'. நடுவில் ஒரு புள்ளிக்கோடு, அது எல்லை. வாங்கப்போகிற நாட்டின் அதிகாரிகள் இரண்டு வாரத்தில் வருகிறார்கள், அதற்குள் ஏட்டையாவைப் பழக்கிக் காட்ட வேண்டும்.

நான் காபியோடு உட்கார்ந்து நாலு மாதத்தை வேகமாக ஓடவிட்டேன். பெரிய புள்ளிகள் நூற்றுக்கணக்கில் ஒரே நேரத்தில் கிளம்பின. மறுநாள் அவற்றில் ஒன்றுகூட இல்லை, சின்னப் புள்ளிகள் மட்டும். அதற்கு மறுநாள் மறுபடி பெரியவை. பிறகு இரண்டு நாள் சின்னவை. வாரத்தில் மூன்று நாள் பெரியவை, நாலு நாள் சின்னவை. ஓடிய வேகத்தில் ஒன்றின் நாளில் மற்றது கால் வைத்ததாகத் தெரியவில்லை.

காபியை மேசையில் வைத்தேன் என்று நினைத்தேன். தரையில் வைத்திருக்கிறேன், கப்போடு அல்ல.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். திங்கள், புதன், சனி விசைப்படகு. மிச்ச நாலு நாள் நாட்டுப்படகு. வலையை அறுத்து, மண்டையை உடைத்து, பேசிப் பேசி நம் ஆட்களே வைத்துக்கொண்ட முறை. வரைபடத்தைத் திருப்பினவர்களால் வாரத்தைத் திருப்ப முடியவில்லை. எங்கள் வீட்டில் அத்தா, எங்கள் அப்பா, கடலில் இருக்கிற நாள், இல்லாத நாள் என்றுதான் எனக்குக் கிழமையே பழக்கம்.

ஏட்டையா இதற்கு எழுபத்தொன்று போட்டிருந்தது. காரணம் என்ற இடத்தில், 'நூற்றுக்கணக்கான படகுகள் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றன' என்று இருந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நம் மீனவர் சங்கக் கூட்டத்தில் ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் உட்கார்ந்திருந்து யாராவது பார்த்ததுண்டா? அதற்குப் பின்னால் ஒரு தளபதி இருக்கிறான் என்கிறது ஏட்டையா.

சிரித்து முடிப்பதற்குள் என் மேலதிகாரி ஹெலன் ஓடிவந்தாள்.

"நாள் அறுபத்துநாலைப் பார்த்தாயா? தொண்ணூற்றெட்டு!"

3

நாள் அறுபத்துநாலு, பெரிய படகுகள் கிளம்பிய நாளுக்கு மறுநாள். முன்னும் பின்னும் எண்ணிப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை. நாட்டுப்படகு நாள். ஆனால் விடிந்ததும் பெரிய படகுகள் ஐம்பதுக்கு மேல் புறப்பட்டு வந்தன. வலை இழுக்கிற ஓட்டம் அல்ல. எல்லாம் பக்கத்தில் பக்கத்தில், ஒரே அளவு இடைவெளி விட்டு, ஒரே கோடாக நின்றன. கோடு அப்படியே மெதுவாக நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. மறுபடி நகர்ந்தன. மறுபடி நின்றன. அப்படியே எல்லைக்கோட்டைத் தாண்டிப் போயின. திரை முழுக்கச் சிவப்பு.

"ராணுவ அணிவகுப்பு மாதிரி இருக்கிறது," என்றாள் ஹெலன். கண்ணெல்லாம் பளபளப்பு. "அதிகாரிகளுக்கு இதைத்தான் காட்டப்போகிறோம். எல்லையைத் தாண்டுகிற இடத்தோடு நிறுத்திவிடு. அதுதான் உச்சம்."

எனக்கு உள்ளங்கால் வியர்த்தது. உள்ளங்கால் வியர்க்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கடலில் ஆள் விழுந்துவிட்டால் எந்த நாள் யாருடைய நாள் என்று பார்க்க மாட்டார்கள். எல்லாப் படகும் போகும். ஒரு படகுக்கும் அடுத்த படகுக்கும் நடுவில் கூப்பிடு தூரம் விட்டு வரிசை கட்டித் தேடுவார்கள். அந்த அளவான இடைவெளிதான் ஏட்டையாவுக்கு அணிவகுப்பு.

விதிப்படி நான் அப்போதே ஹெலனிடம் போய், இது என் ஊர்க் கடல், என்னை இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தப் புள்ளிகளுக்காகப் பேச அந்தக் கட்டடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். வேலையும் போகலாம். வேலை போனால் வீட்டுக் கடன், மகளின் படிப்பு என்று நசீமா ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். போதாததற்கு என் பெயரைப் பார்த்தால் விமான நிலையத்திலேயே தனி அறைக்குக் கூப்பிடுகிற காலம் இது. ஆகவே எல்லாக் கோழைகளும் செய்வதைச் செய்தேன். ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தேன்.

ஆனாலும் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அன்றைக்கு யார் விழுந்தது? நமக்குத் தெரிந்தவரா? ஆள் கிடைத்தாரா?

ஞாயிற்றுக்கிழமை காலை மூன்று தெரு தள்ளி இருக்கிற பொதுத் தொலைபேசிக்கு நடந்தேன். என்னை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று ரிஸ்வானாவின் ஊதா நிறக் கம்பளிக் குல்லாவை மாட்டியிருந்தேன், உச்சியில் குஞ்சம் வைத்தது. அந்தத் தெருவில் அன்றைக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்த ஒரே ஆள் நான்தான். ஏட்டையா பார்த்திருந்தால் நூறு போட்டிருக்கும்.

ஊரில் சாயங்காலம். மச்சான் கைப்பேசியை எடுத்தார்.

"யாரு, மாப்ளையா? என்னல திடீர்னு? எல்லாம் சொகந்தானே?"

"சொகந்தான் மச்சான். ஒண்ணு கேக்கணும். கொஞ்சம் தள்ளி வந்து பேசுங்க."

"தள்ளி எங்கன போக? டீ ஆறிப்போகும். சும்மா சொல்லு."

"இந்த வருசம் எப்பவாச்சும் ஞாயித்துக்கிழம நம்ம விசப்படகுலாம் கடலுக்குப் போச்சா?"

 மச்சான் டீக்கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"ஏலே, இவனுக்கு எவம்ல சொன்னது? கனடா வரைக்கும் சேதி போயிருக்கு!"

அரசாங்க ரகசியத்தை நான் காப்பாற்றிய லட்சணம் இது. தொலைபேசிப் பெட்டிக்குள்ளேயே குனிந்துகொண்டேன்.

"மச்சான், மெதுவா. எனக்கு ஒண்ணுமே தெரியாது. யாரத் தேடிப் போனாங்க?"

"நடிக்காத. நாஞ் சொன்னேன்னு ஒங்க ராத்தாகிட்டப் போயிச் சொல்லாத, என்னையக் கொன்னுருவா."

"சத்தியமாத் தெரியாது மச்சான். யார?"

"என்னையத்தாம்ல."

குல்லாவைக் கழற்றினேன். குளிர் அப்போது தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மடியை, அதாவது வலையை, இழுக்கையில் கயிறு தட்டி மச்சான் கடலில் விழுந்துவிட்டாராம். பின்னால் நின்றவன் பார்க்கவில்லை. கூடவே விழுந்த ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறார். நீரோட்டம் எல்லைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

"மறுநா மத்தியானத்துக்கு மேல, அசர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னாடி, மாப்ளே. படகு வரிச வாரது கண்ணுல தெரியுது. கத்துறேன், கத்துறேன், ஒரு பயலுக்கும் கேக்கல. அலை மறைக்குது. சரி, மவுத்துதான், உசுரு போகப்போகுதுன்னு கலிமா சொல்ல ஆரம்பிச்சுட்டேன். அப்ப எல்லாப் பயலும் எஞ்சின நிறுத்துனாய்ங்க பாரு. கடலே வாயப் பொத்துன மாதிரி ஆயிருச்சு. அப்பக் கத்துனேன்."

"எனக்கு ஏன் மச்சான் சொல்லல?"

"சொன்னா நீ பதறுவ. தெனம் போன் போட்டு எங்களையும் பதற வைப்ப. ஒங்க ராத்தாதான் வேணாம்னுட்டா. ஆமா, ஒனக்கு யாரு சொன்னா?"

ஒரு கம்ப்யூட்டர் சொன்னது, அது உங்களுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டிருக்கிறது என்று சொல்ல முடியுமா? "சும்மா, கனவு கண்டேன்" என்றேன். மச்சான் அதை அப்படியே நம்பினார். "ஒனக்கு நல்ல மனசுல," என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

4

திங்கள்கிழமை அலுவலகத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து நாள் அறுபத்துநாலைக் கடைசிவரை ஓடவிட்டேன். ஹெலன் நிறுத்தச் சொன்ன இடத்துக்குப் பிறகு இன்னும் நாற்பது நிமிஷப் பதிவு இருந்தது. கோடு மறுபடி நின்றது. பிறகு உடைந்தது. ஒரு புள்ளி ஒரு பக்கமாக ஓடியது. அதன் பின்னால் அடுத்தது. அத்தனை புள்ளிகளும் எல்லைக்கு அப்பால், திரையில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை நோக்கிப் போய் மொய்த்தன. அந்த ஒன்றுமில்லாத இடத்தில் என் மச்சான் ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

வீட்டில் நசீமாவிடம் சொன்னேன். "வாயத் தொறக்காம வேலையப் பாத்துட்டு வாங்க," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணன் நெசமா நல்லாருக்காகளா?" என்று கேட்டாள். ரிஸ்வானா காதிலிருந்து பாட்டுக் கருவியைக் கழற்றிவிட்டு ஆங்கிலத்தில் கேட்டாள், "சாகுல் யார்?"

அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். இன்னொருவர், மெல்லிய கண்ணாடி போட்டவர், எதற்கும் ஆட்டவில்லை. ஹெலன் பேசினாள், நான் பொத்தானை அழுத்தும் ஆள். அறை குளுகுளு என்று இருந்தது. எனக்குச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வாயைத் திறக்கவே கூடாது என்று நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைத்து லேசாகக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வரிசை வந்தது. சிவப்பு வந்தது. எல்லைக்கோடு.

"இந்த நேரத்தில் எங்கள் ஆட்கள் அங்கே போய்ச் சேர்ந்திருக்க முடியுமா?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"பன்னிரண்டு நிமிஷத்துக்கு முன்பே," என்றாள் ஹெலன். பிறகு என்னைப் பார்த்து, "இங்கே நிறுத்து."

நிறுத்தத்தான் போனேன். விரல் பொத்தான்மேல்தான் இருந்தது. பன்னிரண்டு நிமிஷம் என்று காதில் விழுந்ததும், "யா அல்லாஹ்" என்று சத்தமாக வந்துவிட்டது. அந்த மாதிரி அறையில், அந்த மாதிரி ஆட்களுக்கு முன்னால், என் பெயர் உள்ளவன் சொல்லக்கூடிய மிகப் பொருத்தமில்லாத சொல் அதுதான். தலையாட்டுகிறவர்கூட ஆட்டுவதை நிறுத்தினார். விரல் அழுத்தவே இல்லை. பதிவு ஓடியது. கோடு நின்றது, உடைந்தது, புள்ளிகள் போய் மொய்த்தன.

"தாக்குதலுக்குக் கூடுகிறார்களா?" என்றார் கண்ணாடிக்காரர்.

"இல்லை. தண்ணீரிலிருந்து ஓர் ஆளைத் தூக்குகிறார்கள்."

"ராடாரில் மனிதன் தெரிய மாட்டான்."

"தெரிய மாட்டான்."

"பிறகு?"

"வரிசையாகத் தேடுகிறார்கள். இடையிடையே எஞ்சினை நிறுத்துவது அந்த ஆள் கத்துவது கேட்கிறதா என்று பார்க்க."

"படகு நிற்பதைத்தான் ராடார் காட்டும். எதற்காக நிற்கிறது என்று காட்டாது. உங்களுக்கு யார் சொன்னது?"

ஹெலன் என்னைப் பார்த்த பார்வையில் பதினோராம் பக்கம் முழுக்க எழுதியிருந்தது. வேகத்தைக் கணக்குப் போட்டேன், நீரோட்டத்தை வைத்து ஊகித்தேன் என்று நாலு பொய் நாக்கு நுனிவரை வந்தன. எல்லாமே நல்ல பொய்கள். ஆனால் ஊகம் என்றால் ஏட்டையாவும் ஊகிக்கிறது, அதன் ஊகம் தொண்ணூற்றெட்டு. அதற்கு முன்னால் என் ஊகத்துக்கு என்ன மதிப்பு?

"தண்ணீரில் கிடந்தவர் சொன்னார்," என்றேன். "என் அக்காவின் கணவர்."

 கண்ணாடிக்காரர் ஒரு சின்னக் குறிப்பேட்டை எடுத்தார்.

"எவ்வளவு நேரம் நிறுத்தி வைத்திருப்பார்கள்?"

"இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம்."

எழுதிக்கொண்டார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

5

அன்று மத்தியானமே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் மூன்று மணி நேரம் விசாரணை. சுயதொழில் என்றால் என்ன தொழில் என்பதற்கே ஒரு மணி நேரம் போனது. நான் போன் செய்ததையும் சொல்லிவிட்டேன், ஊதாக் குல்லா உள்பட. விசாரித்த அம்மாள் அந்த இடத்தில் மட்டும் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஒருவேளை அந்தக் குல்லாதான் என்னைக் காப்பாற்றியது. இவனை வைத்து எந்த எதிரியும் வேலை வாங்க முடியாது என்று எழுதியிருப்பாள்.

வேலை போகவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். இப்போது நான் ஏட்டையாவின் தம்பிக்குப் பனிப்பாறையைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறேன். மண்டபத்தில் பனிப்பாறைக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை.

ஆனால் அந்தக் குறிப்பேடு என்னை விடவில்லை. ஏட்டையாவை அந்த நாடு வாங்கிவிட்டது, அதுவரைக்கும் தெரியும். 'தேடுகிறார்கள்' என்று ஒரு வகையை அதற்குச் சொல்லிக்கொடுத்தார்களா என்று ஹெலனை நடைவழியில் மடக்கிக் கேட்டேன். "உனக்கு அந்த அனுமதி இல்லை," என்றாள். பிறகு, "எனக்கும் இல்லை," என்றாள். அந்த மனிதர் இரண்டு மூன்று நிமிஷம் என்று எழுதிக்கொண்டது, தேடுகிறவர்களை அடையாளம் கண்டு விட்டுவிடுவதற்கா? இல்லை, நிற்கிற படகைக் குறி பார்ப்பது சுலபம் என்பதற்கா? நான் வாயைத் திறந்தது நல்லதா கெட்டதா என்று இரண்டு வருஷமாகத் தெரியவில்லை.

உறையைப் பிரித்த அன்று காலை மச்சானுக்குப் போன் செய்தேன். இந்தத் தடவை வீட்டிலிருந்தே, குல்லா இல்லாமல். என்னால் செய்யக்கூடியது ஒன்று இருப்பதாகத் தோன்றியது. கம்ப்யூட்டரைத் திருத்த முடியாவிட்டால் படகுகளைத் திருத்தலாமே?

"என்னல எரைச்சலா இருக்கு?" என்றார் மச்சான். "ஒண்ணுங் கேக்கல."

பாத்திரம் கழுவுகிற இயந்திரம். போய் நிறுத்திவிட்டு வந்தேன்.

"மச்சான், இனிமே யாரையும் தேடிப் போனா எல்லாரும் ஒரே நேரத்துல எஞ்சின நிறுத்தாதீங்க. ஒவ்வொருத்தரா நிறுத்தச் சொல்லுங்க. வரிசையா வேணாம், முன்னப் பின்ன நில்லுங்க. தூரத்துல இருந்து பாக்குறவனுக்கு நீங்க பட்டாளம் மாதிரித் தெரியுது."

"எவம்ல பாக்குறது?"

"யாரோ பாக்குறாங்க மச்சான். கேக்காதீங்க."

 மச்சான் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"மாப்ளே, நாங் கெடந்தவன் சொல்றேன். அம்பது படகுல நாப்பத்தொம்பது நின்னு ஒரு படகு ஓடுனாலும், கத்துறது கேக்காதுல."

 போனை வைத்துவிட்டுப் படிவத்தை எடுத்தேன். பதினோராம் பக்கம், 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டேன். விவரம் எழுத ஒரே ஒரு வரி இடம் விட்டிருந்தார்கள். பெயர்: சாகுல். உறவு: மச்சான். தொழில்: கடலில் மீன் பிடிப்பது. அதோடு வரி நிறைந்துவிட்டது.

ரிஸ்வானாவைக் கூப்பிட்டேன். பக்கத்தின் ஓரத்தில், கிடைத்த வெள்ளை இடத்தில், அவளுடைய நல்ல கையெழுத்தில் எழுதச் சொன்னேன்: 'இவர் காணாமல் போனால் இவரைத் தேடுகிறவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எஞ்சினை நிறுத்துவார்கள். வேறு வழியில்லை.'